பல்தசார் பேசிய அரை மணி நேரம்

முப்பத்திரண்டு ஆண்டுகளாக ஒடாலிஸ் சுருட்டு சுற்றுகிறாள். புகை சீராக வருகிறதா என்று சோதிக்கும் இழுவைப் பொறியில் அவள் கைச்சுருட்டு தோற்பது ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான். அதையும் அவள் மறப்பதில்லை. எந்த நாள், எந்தக் கட்டு இலை என்று கேட்டால் சொல்வாள். அப்படிப்பட்டவளுக்கு அந்த மார்ச் மாதம் ஒரே வாரத்தில் பதினொன்று திரும்பி வந்தன.

பொறி பார்க்கும் நிகானோர் அவற்றை ஒரு தட்டில் வைத்து, மற்றவர் கண்ணில் படாமல் துணி போட்டு மூடிக் கொண்டுவந்தான்.

"உடம்புக்கு முடியலையா ஒடாலிஸ்?"

"என் உடம்புக்கு என்ன?"

"உனக்கு ஒண்ணுமில்லன்னா இதுங்களுக்குத்தான். மூச்சு முட்டுது பாரு. இதைப் பத்தவெச்சு இழுக்கிறவனுக்குக் கன்னம் ரெண்டும் உள்ள ஒட்டிக்கும், புகை வராது."

மேலிலை போர்த்தாத அந்தச் சுருட்டுகளில் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். கட்டைபோல் இருந்தது. உள்ளிலையின் அளவு சரிதான். அவள் விரல்கள்தான் இறுக்கியிருந்தன.

"எல்லாமே மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல சுத்துனது," என்றான் நிகானோர். "உனக்கு மட்டும் இல்ல. பெலார்மினோ ஏழு. ஹெனோவேவா ஒம்பது. சின்ன வயசுக்காரங்க சுருட்டெல்லாம் ஜோரா இழுக்குது. நாப்பத்தஞ்சு தாண்டுனவங்களுக்குத்தான் இந்த வியாதி. நானும் ரெண்டு நாளா மண்டையை உடைச்சிக்கிறேன், ஒண்ணும் புரியல."

ஒடாலிஸுக்குப் புரிந்தது. நிகானோர் கமஹுவானியிலிருந்து இந்தக் கடலோர ஊரான கைபாரியெனுக்கு வந்து ஆறு வருஷம்தான் ஆகிறது. எவெலியோவின் குரலை அவன் கேட்டதில்லை.

இரண்டு மணி என்பது நாவல் வாசிக்கும் நேரம். எண்பது பேர் வரிசை வரிசையாக உட்கார்ந்து சுற்றும் அந்தக் கூடத்தின் முன்பக்கம் ஒரு மேடை, ஒரு மேசை, ஒரு மைக். காலையில் செய்தித்தாள், மத்தியானம் நாவல். எந்த நாவல் என்பதைச் சுற்றுபவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். வாசிப்பது பிடித்திருந்தால் இலை வெட்டும் பிறைக்கத்தியைப் பலகையில் தட்டுவார்கள். பிடிக்கவில்லை என்றால் கத்தியைத் தரையில் போடுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்ட வாசிப்பாளர் யாரும் அந்த மேடையில் நிலைத்ததில்லை.

ஜனவரியிலிருந்து அந்த மேடையில் உட்கார்ந்திருப்பவள் யாமிலா, ஒடாலிஸின் தங்கை. மூன்று மாதச் சோதனைக் காலம். அது முடிந்ததும் அவள் இருக்கலாமா போகலாமா என்று எண்பது பேரும் ஓட்டுப் போட வேண்டும்.

இருவருக்கும் இருபத்திநான்கு வயது வித்தியாசம். அம்மா இறந்தபோது யாமிலாவுக்கு ஆறு வயது. தலை வாரியது, பேன் பார்த்தது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் ஒடாலிஸ்தான். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் ஒடாலிஸ். தங்கை சாந்தா கிளாராவில் பல்கலைக்கழகம் வரை போனாள். பட்டம் வாங்கிய அன்று எடுத்த படம் ஒடாலிஸின் பலகை மூலையில் நான்கு பக்கமும் ஒட்டி நிற்கிறது. ஓரம் சுருளாமல் இருக்க மாதம் ஒருமுறை சுருட்டுக் கோந்து தடவுவாள். யாமிலா முதல் நாள் மேடையேறி, மைக்கைக் கொஞ்சம் தள்ளிவைத்து, நிதானமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசிக்கத் தொடங்கியபோது, பக்கத்தில் இருந்த ஹெனோவேவா, "மூச்சு விடுடீ, அவ நல்லாத்தான் வாசிக்கிறா," என்று ஒடாலிஸின் முழங்கையை இடித்தாள்.

பிப்ரவரியில் ஓட்டில் ஜெயித்த நாவல் இரண்டு மேடை வித்தைக்காரர்களைப் பற்றியது. ஒடாலிஸ் அதற்குப் போடவில்லை, துப்பறியும் கதைக்குப் போட்டாள். அதில்தான் கடைசியில் எல்லாவற்றுக்கும் கணக்கு நேராகும் என்பது அவள் கட்சி.

கதையில் ஒரு தெரு. தெருவின் இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு அரங்குகள். ஒன்றில் மெர்லோ: பணக்காரன், வெள்ளைக் கையுறைக்காரன். இன்னொன்றில் பல்தசார்: சந்தையில் சீட்டு வித்தை காட்டி மேலே வந்தவன். பல்தசார் எந்தப் புது வித்தை காட்டினாலும், மெர்லோ எட்டாம் நாள் அதையே பெரிய திரையும் நல்ல விளக்கும் போட்டு எதிர்ப்பக்கம் காட்டிவிடுவான். ஆளாளுக்கு ஒரு குரல் கொடுத்து வாசிப்பது யாமிலாவின் வழக்கம். மெர்லோவுக்கு ஐஸ்கட்டியை வாயில் அடக்கிப் பேசுவது போன்ற குரல். கூடம் முதல் நாளே அதற்குத் தட்டியது.

பல்தசார் நான்காம் அத்தியாயத்தில்தான் வாய் திறந்தான்.

முதலில் மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு. அப்புறம் பேச்சு. வாக்கியத்தின் கடைசிச் சொல்லை, அதற்கு மேல் வேலை இல்லை என்பதுபோல், விழுங்கிவிடும் பேச்சு.

ஒடாலிஸின் கை நின்றது. தன்னை அறியாமல் வலப்பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே டெய்மர் என்ற பையன் எதுவும் தெரியாமல் இலை நரம்பைக் கிழித்துக்கொண்டிருந்தான். இரண்டு வரிசை தள்ளி இருந்த கிழவர் பெலார்மினோவும் அதே இருக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குரல் கேட்டது தனக்கு மட்டும் இல்லை என்று அப்போதுதான் ஒடாலிஸுக்கு உறுதியானது.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் எவெலியோ, அவள் தம்பி. இருபத்துமூன்று வயது வரை அந்த இருக்கையில் உட்கார்ந்து சுருட்டு சுற்றியவன். தொண்ணூற்று நான்கு ஆகஸ்டில், நாட்டை விட்டுப் போக ஊரே கடலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மாதத்தில், லாரி டியூப்களின் மேல் பலகை கட்டிய மிதவையில் வடக்கே போனான். அதற்குப் பிறகு கடிதம் இல்லை. உடல் கரை ஒதுங்கியதாகவும் சேதி இல்லை.

அன்று காபி குடிக்க எழுந்தபோது பழைய ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இலைக்கிடங்கு வாசலில் கூடிவிட்டார்கள்.

"கேட்டியா?" என்றார் பெலார்மினோ.

"கேட்டேன்."

"அவன் போறப்ப அந்தப் பொண்ணுக்கு எத்தனை வயசு?"

"நாலு."

"நாலு வயசுல கேட்டதையா இப்படி அச்சு அசலா பேசுறா?"

"வீட்டுல இருபத்தஞ்சு வருஷமா அவன் பேரைக்கூட நான் எடுத்ததில்ல," என்றாள் ஒடாலிஸ். "படம் ஒண்ணு இருக்கு, அவ்வளவுதான். படம் பேசுமா?"

ஹெனோவேவா சிலுவை போட்டுக்கொண்டாள். "அப்ப அவன்தான் வர்றான்."

"வர்றவன் வாசல் வழியா வரட்டுமே," என்றார் பெலார்மினோ. "லவுட்ஸ்பீக்கர் வழியா எதுக்கு வர்றான்? என்கிட்ட வாங்கிட்டுப் போன மழைக்கோட்டைத் திருப்பிக் கேட்பேன்னு பயமா?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"எனக்கு ஒரு உபகாரம் செய்யணும் எல்லாரும்," என்றாள் ஒடாலிஸ். "அவகிட்ட யாரும் இதைச் சொல்லாதீங்க. தான் என்ன பண்றோம்னு அவளுக்கே தெரியாது. தெரிஞ்சா கூச்சம் வந்துடும். கூச்சம் வந்தா குரல் போயிடும்."

"போனா நல்லதுதானேடீ?" என்றாள் ஹெனோவேவா. "வேலை செய்யிற இடத்துல செத்தவனைக் கூப்பிட்டு உக்கார வெக்கிறது நல்லதா?"

"செத்தவன்னு யார் உன்கிட்ட சொன்னது?"

ஹெனோவேவா மறுபடி சிலுவை போட்டுக்கொண்டாள். இந்தக் கேள்விக்குக் கைபாரியெனில் பதில் வைத்திருப்பவர் யாரும் இல்லை.

அப்படியாக அந்தக் கூடம் ஒரு ரகசியத்தைக் காக்கத் தொடங்கியது. மேடையில் இருப்பவளுக்கு மட்டும் தெரியாது. கீழே பாதிப் பேருக்குத் தெரியும். பல்தசார் வாய் திறக்கும்போதெல்லாம் பழைய ஆட்களின் தலை குனியும், விரல் இறுகும். யாமிலா மேலிருந்து பார்த்து, கதையில் மூழ்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

"உங்க வரிசை இருக்கே, அக்கா, அப்படி ஒரு கவனம்," என்றாள் ஒருநாள் வீட்டில், கறுப்பு பீன்ஸ் சோற்றைத் தட்டில் போட்டபடி. "பல்தசார் வந்தாலே மூச்சுக்கூட விடமாட்டேங்கிறீங்க. மெர்லோவுக்குத்தான் நான் ரொம்ப மெனக்கெட்டேன். இவனுக்கு ஒண்ணுமே பண்ணல, தானா வந்தது."

"ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க. சாப்பிடு."

"ரெண்டு பேருமா? உனக்கு யாரைப் பிடிக்கும், அதைச் சொல்லு."

"நான் துப்பறியிற கதைக்கு ஓட்டுப் போட்டவ. என்னைக் கேக்காத."

சிரித்துச் சமாளித்துவிட்டாள். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. தங்கை தூக்கத்தில் புரளும்போது, சுவருக்கு அந்தப்பக்கம் வேறு யாரோ மூக்கால் சிரிப்பதுபோல் இருந்தது.

கதை அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தது. தன் வித்தையெல்லாம் திருடு போவதைப் பொறுக்கமாட்டாத பல்தசார், யாராலும் திருட முடியாத ஒன்றை அறிவித்தான். மேடையிலிருந்து மறைவேன், ஒரு வருஷம் கழித்து, அதே நாள், அதே மேடைக்குத் திரும்புவேன். சொன்னபடியே மறைந்தான். மெர்லோ ஊர் ஊராக ஆள் அனுப்பித் தேடினான், கிடைக்கவில்லை. மாதம் ஒரு கடிதம் மட்டும், பல்தசார் முன்கூட்டியே எழுதி வைத்தது, அவன் அரங்கில் வாசிக்கப்பட்டது.

கடிதங்களை யாமிலா அந்தக் குரலிலேயே வாசித்தாள். 'என்ன, இன்னும் என்னைத் தேடிக்கிட்டுத்தான் இருக்கீங்களா? வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கப்பா,' என்று முதல் கடிதம் தொடங்கியது. சிறுவயசுக்காரர்கள் சிரித்துக் கத்தியைத் தட்டினார்கள். ஒடாலிஸ் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தைந்து வருஷமாக அவள் எதிர்பார்த்தது ஒரு கடிதம். இப்போது வாரத்துக்கு மூன்று வந்துகொண்டிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாமிலா குளித்துக்கொண்டிருந்தபோது, புத்தகம் கட்டிலில் கிடந்தது. பக்க அடையாளத்துக்கு வைத்த தபால் அட்டை முக்கால்வாசியில் துருத்திக்கொண்டிருந்தது. இன்னும் கையளவு பக்கம் மிச்சம். அவன் திரும்பி வருகிறானா இல்லையா என்பது அந்தக் கையளவுக்குள் இருந்தது. வாசிப்பாளரைத் தவிர வேறு யாரும் முடிவைப் பார்ப்பதில்லை என்பது கூடத்தில் எழுதாத சட்டம். மீறியவரோடு அப்புறம் யாரும் பேசமாட்டார்கள். ஒடாலிஸ் புத்தகத்தை எடுத்தாள். மேலட்டையிலிருந்த தூசியைப் பாவாடை ஓரத்தால் துடைத்தாள். இருந்த இடத்திலேயே, இருந்த சாய்விலேயே வைத்தாள்.

துண்டோடு வந்த யாமிலா பார்த்துவிட்டாள். "ஆ! கையும் களவுமா!"

"தூசி தட்டுனேன்."

"தட்டுறப்ப ஒரு பக்கம் தானா திறந்துச்சாக்கும்?"

"அந்தப் பல்தசார்..." என்று ஒடாலிஸ் தொடங்கினாள்.

"அக்கா! கேக்கவே கூடாது. நீ கேட்டா நான் சொல்லிடுவேன், அப்புறம் என்னை மேடையை விட்டு இறக்கிடுவாங்க."

ஒடாலிஸ் கேட்கவில்லை.

ஒன்பதாம் கடிதத்தின் நாளில் அது நடந்தது.

ஹெனோவேவா பயத்தை உள்ளே வைத்துக்கொண்டிருக்கத் தெரியாதவள். இறந்துபோனவர்களுக்காக வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் வைப்பது அவள் வழக்கம். தாகம் தீர்ந்தால் அவர்கள் அலையமாட்டார்கள், தெளிந்து போய்விடுவார்கள். அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு வருமுன், ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரை மேடைமேல் மேசைக் காலின் ஓரமாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒடாலிஸ் அதைப் பார்த்தாள். திட்ட வாய் எடுப்பதற்குள் யாமிலா ஏறிவிட்டாள்.

கடிதம் நீளமானது. பாதியில் யாமிலாவுக்குத் தொண்டை கட்டியது. இருமினாள். குனிந்து பார்த்தாள். யாரோ அன்பாகத் தனக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, அக்கா இருந்த மூன்றாம் வரிசையைப் பார்த்துப் புன்னகை செய்தாள். தம்ளரை எடுத்து, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தாள். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, மூக்கால் ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்து, 'இப்பத்தான் உயிர் வந்துச்சு,' என்றாள். அது கடிதத்தில் இருந்த வரியா, அவளே சொன்னதா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஹெனோவேவாவின் கையிலிருந்து கத்தி நழுவித் தரையில் விழுந்தது.

பெலார்மினோ திடுக்கிட்டார், அவர் கத்தியும் விழுந்தது. பின்வரிசையில் ஒன்று. இடப்பக்கம் இரண்டு. என்ன ஏது என்று தெரியாத சிறுவயசுக்காரர் இரண்டு பேர், பெரியவர்கள் போடுகிறார்கள், நாமும் போட வேண்டும்போல என்று தங்கள் கத்தியையும் போட்டார்கள். சிமெண்ட்டுத் தரையில் இரும்பு விழும் சத்தம் கூடம் முழுக்க ஓடியது.

யாமிலா வாசிப்பதை நிறுத்தினாள். தரையில் கிடந்த கத்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தபால் அட்டையைப் பக்கத்தில் செருகி, புத்தகத்தை மூடி, மைக்கை அணைத்துவிட்டு, படி இறங்கி, நடுவழியாக நடந்து, வெளிவாசல் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

ஒடாலிஸ் அவளைக் கடற்கரைச் சுவரில் கண்டுபிடித்தாள். சுருட்டு நாற்றம் பிடித்த மேலங்கியோடு, வேலை நேரத்தில், ஒடாலிஸ் தெருவில் நடந்தது அதுவே முதல் தடவை.

"நீயும் போட்டியா?" என்றாள் யாமிலா, திரும்பிப் பார்க்காமல்.

"என் கத்தி என் கையிலதான் இருந்துச்சு."

"அக்காங்கிறதால."

"இல்ல."

"நாளைக்கு நான் வரல. சாந்தா கிளாராவுல பள்ளிக்கூட வேலை கேட்டு எழுதறேன். அவ்வளவு மோசமாவா வாசிச்சேன்? எங்க தப்பு பண்ணேன்னாவது சொல்லுங்களேன்."

ஒடாலிஸ் சுவரில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தால் அந்தக் குரல் போய்விடும். திறக்காவிட்டால், எண்பது பேர் தன்னைத் துப்பிவிட்டார்கள் என்ற நினைப்போடு இந்தப் பெண் ஆயுசு முழுக்க நடப்பாள். ஒடாலிஸ் எதையும் அளந்து செய்பவள். அன்று அளக்கவில்லை.

"நீ தப்பா வாசிக்கல. பல்தசார் பேசுறப்ப எவெலியோ பேசுறான்."

யாமிலா திரும்பினாள்.

"முதல் நாள்லேர்ந்து. எனக்கு மட்டும் கேக்குதுன்னு நினைச்சேன். பழைய ஆளுங்க அத்தனை பேருக்கும் கேக்குது. ஹெனோ பயந்துபோய் அவனுக்குத் தண்ணி வெச்சா. அதை நீ குடிச்சிட்ட. கத்தி பயத்துல விழுந்துச்சு, வேற ஒண்ணுமில்ல."

யாமிலா அக்காவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அவர் எப்படிப் பேசுவார்னு எனக்குத் தெரியாதே," என்றாள் யாமிலா. "மூஞ்சியே படத்துல பாத்ததுதான். என்னைத் தோள்ல தூக்கி வெச்சதா ஒரு ஞாபகம். அதுகூட நிஜமா, படத்தைப் பாத்து நானா நினைச்சதான்னு தெரியல." அக்காவின் முகத்தைப் பார்த்து, "எப்படி இருக்கும்? நான் பேசுறப்ப எனக்கு என் குரல்தானே கேக்குது," என்றாள்.

"பேசறதுக்கு முன்னாடி ஒரு சிரிப்பு."

யாமிலா மூக்கால் சிரித்துப் பார்த்தாள். "வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கப்பா. இதுவா?"

"இல்ல."

"வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கப்பா. இப்ப?"

ஒடாலிஸ் தலையாட்டினாள். இல்லை. மூன்றாம் தடவை இன்னும் தள்ளிப் போயிருந்தது. நான்காம் தடவை, நாடகத்தில் கிழவன் வேஷம் போட்ட பள்ளிக்கூடப் பெண்ணின் குரல். யாமிலா நிறுத்திவிட்டாள்.

"சொல்லாம இருந்திருக்கலாம்ல நீ," என்றாள். அதில் கோபம் இல்லை.

"அந்த மிதவைக்குப் பாய் தைச்சது நான்தான்," என்றாள் ஒடாலிஸ். இருபத்தைந்து வருஷத்தில் இதை வெளியே சொல்வது முதல் தடவை. "புகையிலைத் தோட்டத்துல நிழலுக்குக் கட்டுற துணி. நாலா மடிச்சு, ரெட்டைத் தையல் போட்டுக் குடுத்தேன். போகாதேன்னு அழுதுகிட்டே, தையல் நேரா வருதான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

யாமிலா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களில் இலைக்கறை கறுப்பாக ஏறியிருந்தது. இருவரும் ஐந்து மணிச் சங்கு ஊதும் வரை அங்கேயே இருந்தார்கள்.

மறுநாள் ஹெனோவேவா கொய்யாப்பழ மிட்டாய் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து மேடைப் படியில் நின்றாள். "தாயே, என் கை நடுக்கம். வயசாயிடுச்சு. உன் வாசிப்புக்கு இல்லடி கண்ணு."

"தெரியும், அத்தை. தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் யாமிலா.

கூடம் சிரித்தது. அவள் பத்தாம் கடிதத்தை எடுத்தாள். நன்றாகத்தான் வாசித்தாள். ஆனால் பல்தசாருக்கு இப்போது ஒரு குரலும் இல்லை. யாமிலாவின் சொந்தக் குரல், கொஞ்சம் ஜாக்கிரதையாக, தண்ணீர்க்குடம் தூக்கிப் போகிறவளைப்போல் நடந்தது. பெலார்மினோ ஒருமுறை ஒடாலிஸைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நிகானோர் வெறுந்தட்டோடு வந்தான். "ஒண்ணுகூட இல்ல! மூணு நாளா எல்லாருக்கும் நல்லா இழுக்குது. அந்த வியாதி என்னன்னு எனக்குத் தெரியாமலே போயிடுச்சு பாரு."

"போயிடுச்சுல்ல, விடு," என்றாள் ஒடாலிஸ்.

கடைசி அத்தியாயம் ஏப்ரல் முதல் வாரத்தில் வந்தது. வருஷம் முடிந்த நாள். அரங்கு நிரம்பி வழிகிறது. மெர்லோ முன்வரிசையில், கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். திரை எழுகிறது. மேடை வெறுமை. ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம், கால் மணி. ஒரு பெண் அழத் தொடங்குகிறாள். மெர்லோவே மேடையைப் பார்த்து, 'வந்துடு, தோத்துட்டேன், வந்துடு,' என்று கத்துகிறான். அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, வாசல் பக்க இருட்டிலிருந்து, ஒரு குரல். நாவலில் அதற்கு மேல் ஒரே ஒரு வரி.

யாமிலா அங்கே நிறுத்தினாள். எண்பது பேர் கையும் நின்றது. ஒடாலிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"'எல்லாரும் ஏன் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருக்கீங்க?'" என்று யாமிலா வாசித்தாள்.

அது தங்கையின் குரல். தெளிவான, நல்ல குரல். சாந்தா கிளாராவில் படித்த குரல். ஒடாலிஸ் கண்ணைத் திறந்து, பலகைமேல் கத்தியைத் தட்டினாள். முதலில் தட்டியது அவள்தான். அதன்பின் கூடமே தட்டியது, ஜன்னல் கண்ணாடி அதிரும்படி. மறுநாள் ஓட்டெடுப்பில் எழுபத்தாறு பேர் யாமிலாவை நிரந்தரமாக்கினார்கள். முடிவைக் கரும்பலகையில் எழுதியபோது ஒடாலிஸ் இரண்டு தடவை போய், கூட்டல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

அடுத்த நாவல் துப்பறியும் கதை. அதில் பதினான்கு பேர் பேசினார்கள். பதினான்கு பேருக்கும் யாமிலா பதினான்கு குரல் கொடுத்தாள். ஒடாலிஸ் ஒவ்வொன்றுக்கும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றிலும் அவன் இல்லை.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. யாமிலா செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தாள். பால்பவுடர் எந்தக் கடைக்கு வந்திருக்கிறது, பேஸ்பாலில் யார் ஜெயித்தார்கள், எந்தத் தெருவில் தண்ணீர்க்குழாய் பழுது. பாதிப் பேர் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தின் கடைசிப் பத்தியில் விரலை வைத்து, அவள் அலுப்போடு தொடர்ந்தாள்.

"வட கடற்கரையில் கிழக்குக் காற்று மிதமாக வீசும். கடல் அமைதியாக இருக்கும். சிறு படகுகளுக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை."

'இல்லை' என்ற சொல்லைக் குரல் விழுங்கிவிட்டது.

பெலார்மினோவின் தோள் அசையாமல் நின்றது. ஹெனோவேவாவின் உதடு எதையோ முணுமுணுத்தது. கூடத்தின் அமைதி மாறிவிட்டதை யாமிலா உணர்ந்துவிட்டாள். தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, நேராக மூன்றாம் வரிசைக்கு, அக்காவின் முகத்துக்குப் பார்வையைக் கொண்டுவந்தாள். புருவம் மட்டும் உயர்ந்தது. இப்பவா?

ஒடாலிஸ் மேலிலையின் ஓரத்தில் கோந்து தடவினாள். தங்கையை நேராகப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள்.

யாமிலா சந்தேகத்தோடு பெலார்மினோவைப் பார்த்தாள். அவர் இலையை வெட்டிக்கொண்டிருந்தார். ஹெனோவேவாவைப் பார்த்தாள். அவள் பக்கத்துப் பையனிடம் சுருட்டை அழுத்தும் அச்சுப்பலகையை வாங்கிக்கொண்டிருந்தாள். பழைய ஆட்களில் ஒருவர் தலையும் நிமிரவில்லை.

யாமிலா தோளைக் குலுக்கிக்கொண்டு தாளைத் திருப்பினாள். மூக்கால் ஒரு சின்னச் சிரிப்புக் கேட்டது. அதற்கப்புறம் நாளைய அலையின் உயரத்தை வாசிக்கத் தொடங்கினாள்.